மலை ஏறுமுன் மேப்பை இறக்குங்கள்

ஐயா, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறி முடித்து, அரப்பளீஸ்வரர் கோயிலுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று போனைப் பார்த்தால் சிக்னல் இல்லை, மேப் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் கட்டம். அப்புறம் பலாச்சுளை விற்ற அம்மாதான் வழி சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலியைப் போட்டுக்கொண்டேன். வைஃபையில் ஒருமுறை வரைபடத்தை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே வழி காட்டுகிறது, விளம்பரம் கிடையாது, கணக்கு தொடங்கச் சொல்லி நச்சரிப்பதும் இல்லை. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத் திட்டத்தில் தன்னார்வலர்கள் வரைந்த வரைபடம் அது. அதில் விடுபட்டிருந்த எங்கள் சந்தையை நானே சேர்த்தேன்! நேரடி டிராஃபிக் காட்டாது, அதனால் சென்னைக்குள் போனால் கூகுள் மேப்ஸ்தான் சரி.

வாசகர், நாமக்கல்