ஏரிக்கு இறங்கும் பாதையில் வெட்டப்பட்ட அகழியை மூடித் தரவும், மலைச் சைக்கிளுக்கு ஒரு பாதையை முறைப்படி ஒதுக்கித் தரவும் கோரும் மனு

அனுப்புநர்:
மலைச் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களும் பாதையைப் பயன்படுத்தும் ஊர்மக்களும்,
மன்னவனூர் பகுதி, கொடைக்கானல் மேல்மலை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: பழைய குதிரைப் பாதையின் குறுக்கே எச்சரிக்கைப் பலகைகூட இல்லாமல் திறந்து கிடக்கும் அகழியை மூடுதல், அப்பாதையை நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் சைக்கிள்களுக்கும் உரிய நிபந்தனைகளுடன் திறந்துவிடுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்னர் அளித்த மனுக்களும் அவற்றுக்கான ஒப்புகைச் சீட்டுகளும் (நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேல்மலைக் கிராமங்களுக்குத் தாங்கள் நேரில் வந்து குறை கேட்டிருக்கிறீர்கள் என்பதாலும், எங்கள் சாலைகளும் காடுகளும் ஏரிகளும் தங்களுக்குப் பழக்கமானவை என்பதாலும், இந்த மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்கு மிகுந்த பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். இதற்குமுன் மனு கொடுத்த அலுவலகங்களைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. பதில் வராத காரணத்தால் மட்டுமே தங்களிடம் வந்திருக்கிறோம்.

1. பாதை எதுவென்று தங்களுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் செல்லும் சாலையில், பைன் மரங்கள் முடிகிற திருப்பத்தில் பிரிந்து, வாட்டில் என்னும் அயல்நாட்டுக் களைமரக் காட்டின் ஊடாக இறங்கி, சதுப்பின் மேல்விளிம்பை ஒட்டிச் சென்று ஏரிக்கரையில் சேரும் பழைய குதிரைத் தடமே அது. மேட்டுத் தோட்டங்களிலிருந்து பூண்டு மூட்டைகள் இன்றைக்கும் அந்த வழியாகத்தான் குதிரை முதுகில் வருகின்றன. விறகுக்குப் போகும் பெண்களும் ஏரிக்கரைக்கு மாடு ஓட்டிச் செல்பவர்களும் அதில்தான் நடக்கிறார்கள். மலைச் சைக்கிள் ஓட்டும் நாங்கள் காட்டுக்குள் புதிதாக ஒரு முழம் தடம்கூட வெட்டவில்லை. எங்கள் பாட்டன்மார் நடந்து உறுதிப்பட்ட மண்ணிலேயே ஓட்டி வருகிறோம்.

2. வனச் சட்டங்களுக்கு நாங்கள் எதிரானவர்கள் அல்லர். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டதையும், குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீயில் பலர் உயிரிழந்த பின் அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்ததையும், அவை ஏன் வந்தன என்பதையும் முழுமையாக உணர்ந்திருக்கிறோம். சோலைக்குள்ளும் புல்வெளியிலும் சைக்கிள் ஓட்டக் கூடாது என்பதை எவரும் சொல்லாமலே கடைப்பிடித்து வருகிறோம்.

3. எங்களை மிகவும் வருத்துவது அந்த அகழி ஒன்றுதான். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகளும், சத்தத்தைக் கூட்டிவைத்த மோட்டார் சைக்கிள்களும் அந்தத் தடத்தில் இறங்கத் தொடங்கியபோது, அவற்றைத் தடுக்க வேண்டும் என்று முதலில் கேட்டவர்களே நாங்கள்தான். தடுப்பதாகச் சொல்லி, கோடையில் ஒருநாள் பொக்லைன் இயந்திரம் கொண்டுவந்து, பாதையின் குறுக்கே ஆளுயர ஆழத்துக்கு, எட்டடிக்குக் குறையாத அகலத்தில் வெட்டிவிட்டுப் போனார்கள். வெட்டிய இடத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். சரிவு திடீரென்று செங்குத்தாகும் இடம் அது; அதற்கு முன்னால் ஒரு கண்மறைவுத் திருப்பமும் இருக்கிறது. தோண்டிய மண்ணை மேல்பக்கம் குவித்திருந்தாலாவது மேடு கண்ணில் பட்டிருக்கும். அவர்கள் கீழ்ப்பக்கம் குவித்திருப்பதால், மேலிருந்து இறங்கி வருகிறவருக்கு அகழியின் விளிம்பை அடையும்வரை அங்கே பள்ளம் இருப்பதே தெரியாது. பலகை இல்லை. சிவப்பு நாடா இல்லை. சுண்ணாம்பு அடித்த கல் ஒன்றுகூட இல்லை. மேல்மலையில் மூடுபனி இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்கும் காட்டெருமையே தெரியாது என்பது தாங்கள் அறிந்ததே.

அந்த அகழிக்குள்தான் எங்கள் ஊரைச் சேர்ந்த, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவன் சைக்கிளோடு விழுந்தான். பூண்டு உரிக்கும் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில், பழைய சைக்கிளாகப் பார்த்து வாங்கி, முன்பக்க சஸ்பென்ஷனையும் டிஸ்க் பிரேக்கையும் தானே பழுதுபார்த்து வைத்திருந்த பையன் அவன். ஹெல்மெட் அணிந்திருந்ததால் தலை தப்பியது. காறை எலும்பும் மணிக்கட்டும் முறிந்துவிட்டன. அகழிக்குள் கைபேசிச் சிக்னல் கிடைக்காது என்பதால், கூட வந்த சிறுவன் சாலைவரை ஓடிவந்துதான் 108-ஐ அழைத்தான். அந்த வண்டி வந்து சேரும்வரை காத்திருக்க மனமில்லாமல், கம்பளியில் தூளி கட்டி, இரண்டு கம்புகளில் கோத்து, அவனைச் சுமந்துகொண்டு மேடேறினோம். ஒவ்வொரு அசைவுக்கும் அவன் கத்தியது இன்னும் எங்கள் காதுகளில் இருக்கிறது. அங்கிருந்து கொடைக்கானலுக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அதில் எத்தனை வளைவுகள், எத்தனை குழிகள் என்பதையும் தாங்கள் அறிவீர்கள். வலக்கை முறிந்ததால் அவன் செய்முறைத் தேர்வுக்குத் தயாராக முடியவில்லை. அவனுடைய தாயார் இப்போது எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு வாயில்லை.

அவன் ஒருவனோடு முடியவில்லை, ஐயா. விறகுக் கட்டோடு வந்த மூதாட்டி ஒருவர் மழை நாளில் அகழியின் விளிம்பு சரிந்து உள்ளே விழுந்தார். இடுப்பு வலியால் இன்றும் நிமிர்ந்து நடக்க முடியாமல் இருக்கிறார். மூட்டை சுமக்கும் குதிரைகள் அகழியைத் தாண்ட இயலாமல் சதுப்புக்குள் சுற்றிப் போகின்றன. குளம்பு பட்டுப் பட்டு அந்த ஈரநிலம் சேறாகிக் கிடக்கிறது. ஏரிக்கு நீர் கசிந்து வரும் ஊற்றுக்கண்களே அங்கேதான் உள்ளன. காட்டைக் காப்பதற்காக வெட்டிய அகழி, காட்டின் மிக மென்மையான இடத்தை நாளுக்கு நாள் அழித்துக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, வாட்டில் விதைகள் மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, மண்ணைக் கிளறியவுடன் முளைத்துவிடக் கூடியவை. வாட்டிலை ஒழிக்க அரசு ஒரு பக்கம் செலவு செய்துகொண்டிருக்க, இயந்திரம் கொட்டிய மண்மேட்டின்மீது கன்றுகள் கொத்துக் கொத்தாக முளைத்து நிற்கின்றன.

4. ஜீப்புகள் நின்றுவிட்டனவா என்றால், அதுவும் இல்லை. பைன் மரங்களுக்கு இடையே வேறு வழி கண்டுபிடித்து இறங்குகிறார்கள்.

5. ஒரு பலகை வைப்பதற்கு எத்தனை மாதம் வேண்டும்? நிதி வேண்டுமா, ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டுமா, அரசாணை வெளிவர வேண்டுமா? பையன் விழுந்த வாரத்திலேயே எழுதிக் கொடுத்தோம். "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது" என்று கைபேசியில் ஒரு செய்தி வந்தது. எங்கே அனுப்பப்பட்டது என்று கேட்டுப் போனால், அந்த இடம் காப்புக்காட்டு எல்லைக்குள் வருகிறதா, புறம்போக்கில் வருகிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். வெட்டும்போது யாரும் அளக்கவில்லையே, மூடுவதற்கு மட்டும் ஏன் அளவை? அந்த அகழியை யார் வெட்டியது என்று கேட்டால்கூட ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. நாங்களே மண்ணைத் தள்ளி மூடிவிடலாம் என்று ஊரில் சிலர் சொன்னபோது, அப்படிச் செய்தால் வழக்குப் போடுவோம் என்று சொல்ல மட்டும் உடனே ஆள் வந்தார்கள். வெட்டியவர் யாரென்று தெரியாத அகழியை மூடினால் வழக்கு யார்மேல் பாயும் என்பது மட்டும் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது? சொற்கள் சற்றுக் கடுமையாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். நேரில் வந்து அந்த விளிம்பில் ஒருமுறை நின்று பார்த்தால், நாங்கள் எவ்வளவு அடக்கிக்கொண்டு எழுதுகிறோம் என்பது தங்களுக்கே விளங்கும்.

6. ஜீப்பை நிறுத்த அகழி தேவையே இல்லை. சாலையிலிருந்து தடம் பிரியும் இடத்தில் மூன்றடி இடைவெளி விட்டு இரண்டு கல்தூண்கள் நட்டு, அவற்றுக்கிடையே முழங்கால் உயரத்தில் ஒரு கனத்த கட்டையைக் கிடத்தினால் போதும். மனிதர் தாண்டுவார், குதிரை தாண்டும், சைக்கிளைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிளை அவ்வளவு எளிதாகத் தூக்க முடியாது. பைன் மரங்களின் ஊடே திறந்திருக்கும் இடைவெளிகளையும் இதேபோல் கல் நட்டு அடைக்கலாம். கல்லும் கட்டையும் ஆள்வேலையும் எங்கள் பொறுப்பு.

7. அகழியை மூடிய பின் பாதையை அப்படியே விட்டுவிடும்படி நாங்கள் கேட்கவில்லை. மலைப் பாதைக்கு எதிரி சைக்கிள் டயர் அன்று, பாதை வழியே ஓடும் மழைநீர்தான். ஆகவே தடத்தின் ஏற்றம் சராசரியாக 10 விழுக்காட்டைத் தாண்டாமலும், மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். வெளிப்பக்கமாகச் சற்றே சாய்த்து, இடையிடையே சிறு மேடும் தாழ்வும் வைத்து நீரை அங்கங்கே வெளியேற்றிவிட வேண்டும் என்பது உலகெங்கும் மலைச் சைக்கிள் பாதை அமைப்போர் பின்பற்றும் நடைமுறை. அந்த முறைப்படி இரண்டு செங்குத்தான இடங்களை மட்டும் மண்வெட்டியால் திருத்தித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். இயந்திரம் வேண்டாம்.

காட்டெருமைகள் நடமாடும் அதிகாலையிலும் மாலையிலும் ஓட்ட மாட்டோம். காட்டுத்தீக் காலத்திலும், வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறிக் கிடக்கும் வாரங்களிலும் பாதையை மூடிவைக்க ஒப்புக்கொள்கிறோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் களைவிதைகளைக் கொண்டுவராதபடி டயர்களைக் கழுவிய பிறகே இறங்க வேண்டும் என்பதையும் நாங்களே பார்த்துக்கொள்வோம். பேரிஜம் ஏரிக்கு அனுமதிச் சீட்டு முறை நடைமுறையில் இருக்கிறது. 2024இல் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் தமிழ்நாடு முழுவதும் 40 நடைபாதைகள் முறைப்படி திறக்கப்பட்டுள்ளன. வாகன நெரிசலைக் குறைக்க அதே ஆண்டு மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. புகை கக்காத சைக்கிளுக்கு, கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் தார்ச்சாலை தவிர, இந்த மலையில் முறையான பாதை ஒன்றும் எங்களுக்குத் தெரிந்து இல்லை. சீட்டு, கட்டணம், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு, உள்ளூர் வழிகாட்டி என எந்த நிபந்தனை விதித்தாலும் ஏற்கிறோம். பாதையின் ஏதேனும் பகுதி சரணாலய எல்லைக்குள் வருமானால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ள முறைப்படி அனுமதி பெற விண்ணப்பிக்கவும் அணியமாக இருக்கிறோம். விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ள ஒருவரைத் தாங்கள் நியமித்துத் தந்தால் போதும்.

ஆனால் ஐயா, பாதை ஒதுக்கும் கோரிக்கை ஆற அமர நடக்கட்டும். அகழி அப்படிக் காத்திருக்க முடியாது. மழைக்காலம் நெருங்குகிறது. அகழி நிரம்பிவிட்டால் கலங்கிய நீர் சமதரை போலத் தெரியும். அடுத்து விழுகிறவர் எலும்பு முறிவோடு தப்ப மாட்டார். ஆதலால், எல்லை அளவை முடியும்வரை காத்திராமல், அகழிக்கு முன்னால் திருப்பத்துக்கு மேலேயும் கீழேயும் எச்சரிக்கைப் பலகைகளும் கம்பித் தடுப்பும் உடனே வைக்கவும், மழைக்கு முன் அகழியை மூடவும், மூட இயலாதென்றால் எங்களை மூட அனுமதித்து ஒரு வரி எழுதித் தரவும் உத்தரவிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். காயமடைந்த மாணவனின் மருத்துவச் செலவுக்கும் மூதாட்டியின் சிகிச்சைக்கும் உரிய உதவியைப் பரிசீலிக்க வேண்டுகிறோம். அகழியின் ஒளிப்படங்களும், ஊர்மக்களின் கையொப்பங்களும், பெருவிரல் ரேகைகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

தாங்கள் மேல்மலைக்கு அடுத்த முறை வரும்போது, சாலையிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் அந்த இடத்தைப் பார்க்க வர வேண்டும் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன்பே பலகையாவது வைக்கச் சொல்லுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மன்னவனூர் பகுதி மலைச் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களும் ஊர்மக்களும்.