பழுப்பு நிறம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள்) செய்துகாட்டுவது அறிவியல் கண்காட்சிகளில் வாடிக்கையாகிவிட்டது. செய்முறை எளிது. கழுவி நறுக்கிய இலை 10 கிராமை, காய்ச்சி வடித்த நீர் 100 மி.லி.யில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் வடிகட்ட வேண்டும். வெள்ளி உப்பான சில்வர் நைட்ரேட் 17 மில்லிகிராமை அதே வகை நீர் 100 மி.லி.யில் கரைத்து, அதில் 90 மி.லி.க்கு 10 மி.லி. சாறு சேர்த்து இருட்டில் வைத்தால், கரைசல் மெல்ல மஞ்சளாகிப் பழுப்பாகும். அந்த நிறத்தையே துகள் உருவானதன் அடையாளமாகக் கொள்கிறார்கள்.

சொதப்புவது பெரும்பாலும் தண்ணீரில்தான். குழாய் நீரிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்து, பால்போல் கலங்கலாக்கிவிடும். அந்த வெள்ளி குளோரைடு வெளிச்சம் பட்டுக் கருத்ததும் ‘நானோ வந்துவிட்டது’ என்கிறார்கள்! ஒளி உறிஞ்சுதலை அளக்கும் நிறமாலைமானியில் 400–450 நானோமீட்டர் அலைநீளத்துக்குள், வெள்ளி நானோ துகளுக்குரிய உச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டாமா?

துகள் கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்கும் பாக்டீரியாச் சோதனையில் இதைவிடப் பெரிய ஓட்டை. வினைபுரியாமல் மிஞ்சிய வெள்ளி அயனியே (துகளாகாமல் கரைசலில் மின்னூட்டத்துடன் இருக்கும் வெள்ளி) கிருமியைக் கொல்லும். எனவே துகள்களை மையவிலக்குக் கருவியில் பிரித்து, இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் சாறு, வெறும் சில்வர் நைட்ரேட் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குழி வேண்டும். இவை இல்லாத தட்டில் தெளிவு வளையம் (குழியைச் சுற்றிக் கிருமி வளராத பகுதி) எத்தனை மில்லிமீட்டர் இருந்தாலும் மதிப்பெண் தரக்கூடாது.

கையுறை கட்டாயம், சில்வர் நைட்ரேட் பட்ட தோல் நாள்கணக்கில் கருத்திருக்கும். மிச்சக் கரைசலைக் கழுவுதொட்டியில் கொட்டாமல், தனிப் புட்டியில் சேர்த்து ஆய்வகக் கழிவாக ஒப்படைக்கலாமே.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள் சிலர்