மலின்சேயை எட்டப்பன் ஆக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் மெக்சிகோ பற்றி வந்த கட்டுரையில், மெக்சிகோவைப் பிடிக்க வந்த ஸ்பானியர்களுக்கு மொழிபெயர்த்த மலின்சேயை 'அந்த ஊர் எட்டப்பன்' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த வரி இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது.

முப்பத்திரண்டு வருடம் வடசென்னையில் பிரசவ வார்டுகளில் செவிலியராக இருந்தேன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சௌகார்பேட்டைத் தோழிகளிடம் பிடித்துக்கொண்ட இந்தி. அதனால் டாக்டருக்கும் வெளிமாநிலப் பெண்களுக்கும் நடுவே என்னைத்தான் நிறுத்துவார்கள். ஒருமுறை எண்ணூர் பக்கம் கட்டட வேலைக்கு வந்த ஒடிசாப் பெண் ஒருத்தி, எட்டு மாதம். அவளுக்கு ஒடியா மட்டும்தான் தெரியும். கூட வந்தவள் அதை இந்தியில் சொல்ல, நான் தமிழில் டாக்டரிடம் சொல்வேன். பதிலும் அதே வழியில் திரும்பிப் போகும். குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்பதும் அப்படித்தான் போனது. கூட வந்தவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். அந்தப் பெண் டாக்டரை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவளின் கையைத்தான் உதறினாள். டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் அவளிடம் பேசவே இல்லை.

மலின்சே நின்றதும் இப்படி ஒரு சங்கிலியில்தான். சின்ன வயதிலேயே அடிமையாகக் கைமாறி மாயா மக்களிடம் வந்தவர். 1519-இல் தபாஸ்கோவில் தோற்றவர்கள் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தேசுக்குக் காணிக்கையாகத் தந்த 20 பெண்களில் ஒருவர். அஸ்டெக் பேரரசர் மோக்தெசுமாவின் தூதர்கள் நவாட்டில் மொழியில் பேசியதை இவர் மாயாவில் சொல்வார்; 1511-இல் கப்பல் உடைந்து மாயா ஊரில் சிக்கியிருந்த ஸ்பானியர் அகிலார் அதை ஸ்பானிஷில் சொல்வார். அப்புறம் இவரே ஸ்பானிஷும் கற்றுக்கொண்டார். கோர்த்தேஸ் 1520-இல் அரசருக்கு எழுதிய கடிதத்தில் இவர் பெயர்கூட இல்லை. 'என் நாக்கு, இந்த நாட்டுப் பெண்' என்றுதான் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்களாம்.

எட்டப்பன் என்றால் யாரைக் காட்டிக்கொடுத்தார்? அன்றைக்கு மெக்சிகோ என்றொரு நாடே கிடையாது. இவர் அஸ்டெக்கும் இல்லை. அஸ்டெக்குகளுக்கு அடங்காமல் போராடி வந்த திலாஸ்கலாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கோர்த்தேசோடு சேர்ந்து படை நடத்தினார்கள். 1521 ஆகஸ்ட் 13-இல் அஸ்டெக் தலைநகர் தெனோச்திட்லான் விழுந்ததில் அவர்கள் பங்கும், அதற்கு முந்தின வருடம் பரவிய பெரியம்மையின் பங்கும் பெரியவை. பழி மட்டும் பேசிய வாய்க்கு வந்துவிட்டது.

சோலூலா என்ற ஊரில் நடந்த விஷயத்தில் எனக்கும் மனசு கனக்கத்தான் செய்கிறது. ஒரு கிழவி இவரைக் காப்பாற்ற நினைத்து, ஊரார் போட்ட சதியைச் சொன்னாளாம். இவர் அதைக் கோர்த்தேசிடம் சொல்லிவிட்டாராம். அந்தப் படையிலேயே இருந்த பெர்னால் தியாஸ் எழுதியது இது. அங்கே ஆயிரக்கணக்கானோர் வெட்டப்பட்டார்கள். அப்படி ஒரு சதி இருந்ததா என்பதிலேயே வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. இருந்ததென்றே வைத்துக்கொள்வோம். சொல்லாமல் இருந்திருந்தால், எஜமானனின் கூடாரத்தில் இருந்த ஓர் அடிமைப் பெண்ணுக்குப் போக எந்த வீடு இருந்தது?

அந்த நாட்டு மக்கள் அன்றைக்கு அவரைப் பழிக்கவில்லை என்பதற்கு அவர் பெயரே சாட்சி. ஸ்பானியர்கள் வைத்த பெயர் மரினா. நவாட்டிலில் 'ர' இல்லாததால் அது மலினா ஆனது. நாம் 'அம்மா' சேர்ப்பதுபோல மரியாதைக்கு 'சின்' சேர்த்து மலின்ட்சின் என்றார்கள். அதுதான் ஸ்பானியர் வாயில் மலின்சே ஆயிற்று. துரோகி என்ற பட்டம், 1821-இல் மெக்சிகோ விடுதலை அடைந்த பிறகுதான் வலுத்தது.

நம் பக்கத்தில் இதே வேலை செய்தவர்களை துபாஷ் என்றோம். பெரம்பூரில் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷ். அவர் நாட்குறிப்பைப் பொக்கிஷம் என்கிறோம். இன்னொரு துபாஷ் பச்சையப்ப முதலியார் பெயரில் கல்லூரியே இருக்கிறது. அவர்கள் சம்பாதித்தவர்கள், ஆண்கள். யாரும் அவர்களைத் துணியோடும் தங்கத்தோடும் சேர்த்துக் காணிக்கையாகக் கொடுக்கவில்லை.

திலாஸ்கலா ஓவியர்கள் மலின்சேயை வரைந்திருக்கிறார்கள். இரு தரப்புக்கும் நடுவே, கையை நீட்டிப் பேசிக்கொண்டு நிற்பார். அடுத்த ஞாயிறு முடிந்தால் அந்தப் படத்தைப் போடுங்கள். கீழே மலின்ட்சின் என்று பெயரும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21