கணக்குப்பிள்ளைக்கு ஒரு காஞ்சிபுரக் கடிதம்

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

முட்டி எப்படி இருக்கிறது? ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்தில் மாடிப்படி ஏறிவிட்டேன் என்று போனில் பெருமை அடித்துக்கொண்டாயே, எத்தனை படி என்று எண்ணியிருப்பாய், அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

இங்கே சேதி என்னவென்றால், சின்னவளுக்கு இடம் முடிந்துவிட்டது. தை மாதம் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போய், இரண்டு நாள் தங்கிவிட்டு நேற்றுதான் வந்தேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் சுவாரசியமான இடத்துக்கு வரும்போதுதான் உன் பேரன் போனைப் பிடுங்குவான். அதனால் கடிதம்.

பேருந்தை விட்டு இறங்கியதும் புடவைக் கடைக்குப் போகாமல் நேரே வரதராஜப் பெருமாள் கோவிலுக்குப் போனேன். ஏன் என்று உனக்கே தெரியும். அந்த நூற்றுக்கால் மண்டபம்! 1979-ல், நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை குளத்துக்கு அடியிலிருந்து வெளியே வரும் அத்தி வரதரைப் பார்க்க உன் பாட்டி நம் இரண்டு பேரையும் அரக்கோணத்தில் ரயிலேற்றிக் கூட்டி வந்தாரே, அப்போது எட்டாம் வகுப்பு. எல்லோரும் குளத்துப் பக்கம் முண்டியடித்துக்கொண்டு இருக்க, நீ மட்டும் மண்டபத்தில் ஒவ்வொரு தூணாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாய். "பாட்டி, 96 தூண்தான் இருக்கு" என்று நீ கத்தியதும், பாட்டி "பெரியவங்க நூறுன்னு சொன்னா நூறுதான்டி, கணக்குப்பிள்ளை!" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். 46 வருஷத்துக்கு மேலாக ஒட்டிக்கொண்ட பேர். இந்த முறை நானும் எண்ணினேன். 96-தான். பாட்டி இருந்தால் இன்னொரு குட்டு எனக்கும் கிடைத்திருக்கும்.

மண்டபத்து மூலைகளில் தொங்கும் கல் சங்கிலி நினைவிருக்கிறதா? ஒரே கல்லில் வளையத்துக்குள் வளையமாகச் செதுக்கியது. அப்போது அதை ஆட்டிப் பார்த்தோம் என்று நீ சொல்கிறாய், பார்க்கத்தான் பார்த்தோம் என்று நான் சொல்கிறேன். இப்போது அந்த வம்பே வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட அதே வரிசை, அதே தள்ளுமுள்ளு. பெருமாளைப் பார்க்கக் கோவிலுக்குள்ளேயே இருக்கும் அத்திகிரிக் குன்றின் மேலே 24 படி. உன் புது முட்டிக்குச் சரியான பரீட்சை.

அனந்தசரஸ் குளத்தின் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் நீராழி மண்டபம், பச்சைத் தண்ணீர், அடியில் அத்தி வரதர். 2019-ல் வந்து 48 நாள் தரிசனம் கொடுத்தாரே, அப்போது நான் ஆறு மணி நேரம் வரிசையில் நின்று இரண்டு விநாடி பார்த்தேன். நீ கோவையில் டிவியில் நாள் தவறாமல் பார்த்தாய். யார் அதிகம் பார்த்தது என்று அன்றைக்கே சண்டை போட்டோம். அடுத்தது 2059. நமக்கு 93 வயது. சக்கர நாற்காலிக்குத் தனி வரிசை இருக்கும் என்று நம்புவோம்.

கோவில் இட்லி வாங்காமல் வருவேனா? சுக்கு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றி வைத்து மாவை ஊற்றி, மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். வெளியே எடுத்தால் இட்லி மாதிரி இருக்காது, தூண் மாதிரி இருக்கும். துண்டு போட்டுத்தான் தருவார்கள். ஓட்டலில் தட்டில் வார்த்துத் தருவதையும் காஞ்சிபுரம் இட்லி என்றே சொல்கிறார்கள். மிளகு போட்டால் ஆயிற்றா? இலையின் வாசனை ஏறியிருக்க வேண்டும். அறைக்குக் கொண்டுவந்து ராத்திரிக்கும் அதையே சாப்பிட்டேன். மறுநாள் காலையில்கூட விரலில் சுக்கு வாசனை.

சரி, புடவைக்கு வருகிறேன். முதலில் ஏமாந்த கதை. ஆட்டோக்காரர் ஒருவர் "நெசவாளர் வீடும்மா, நேரடி விலை" என்று ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் ஒரு தறி, கண்காட்சிக்கு. உள்ளே ஏசி. அவர்கள் காட்டியதைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன், கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நூல் விட்டுக் கோத்து நெய்யும் கோர்வையே இல்லை. கரையும் உடலும் ஒரே ஓட்டமாக நெய்தது. கேட்டதற்கு "இப்ப எல்லாம் இப்படித்தாம்மா" என்றார்கள். விலை மட்டும் பழையபடி கோர்வை விலை! எழுந்து வந்துவிட்டேன். ஆட்டோக்காரருக்குக் கமிஷன் போயிற்று, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பிள்ளையார்பாளையத்தில் நிஜமாகவே ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். குழித்தறி. அவர் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் அவர் மனைவி. ஏன் இரண்டு பேர் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, பார்த்தாலே புரிந்தது. இந்தக் கரைக்கு ஒரு நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடம்), உடலுக்கு ஒரு நாடா, அந்தக் கரைக்கு ஒரு நாடா, ஆக மூன்று. உடலுக்கு மாம்பழ மஞ்சள், கரைக்கு அரக்கு. ஒவ்வொரு வரிசையிலும் மஞ்சள் நூலும் அரக்கு நூலும் கரையோரத்தில் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். மூன்று நாடாவை ஒருவர் கையாள முடியாது, அதனால் ஓரத்து நாடாவை அந்தம்மா எறிகிறார். அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. இவர் மிதித்ததும் அவர் எறிகிறார், அவ்வளவுதான். நடுவில் அந்தம்மா என்னிடம் கல்யாணம் எந்த மண்டபத்தில் என்று விசாரித்தார். கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து. "காஞ்சிபுரத்துல எதுதாங்க விளையுது?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "இடுப்பு வலி" என்றார். பையன் ஒரகடத்தில் கார் கம்பெனிக்குப் போகிறானாம். தறியில் உட்கார மாட்டேன் என்கிறானாம். காஞ்சிப் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெருமை பையனைத் தறியில் உட்காரவைக்கப் போதவில்லை. தாழம்பூ ரேக்கு வைத்து ஒன்று சொல்லியிருக்கிறேன். விலையை இங்கே எழுத மாட்டேன், நீ மனக்கணக்குப் போட்டு என்னைத் திட்டுவாய்.

மற்ற கோவில்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏகாம்பரநாதர் கோவிலில் கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பிய ராஜகோபுரம், அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. மூலவர் மண் லிங்கம், அதனால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. மாமரத்தின் நாலு கிளையில் நாலு ருசி என்பார்கள், ஒரு ருசிகூட நமக்குக் கிடைக்கிற காலம் இல்லை இது. காமாட்சி கோவிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஊரில் உள்ள சிவன் கோவில்களில் அம்பாளுக்குத் தனிச் சந்நிதி இல்லாததற்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து இவள் ஒருத்திதான் என்று சொல்வார்களே, அந்தக் கூட்டத்தில் நின்றபோது அது நியாயமாகவே பட்டது. வைகுண்டப் பெருமாள் கோவிலில் பிராகாரச் சுவர் முழுக்கப் பல்லவர் வம்சக் கதையைச் சிற்பமாக வைத்திருக்கிறார்கள். அரசனுக்கு வாரிசு இல்லாமல் போய், கிளை வம்சத்திலிருந்து 12 வயதுப் பையனைத் தேடிக் கூட்டி வந்து நந்திவர்மன் என்று முடிசூட்டிய கதை. கல் பாதி அரித்துவிட்டது. முகம் போன அமைச்சர்கள், முகம் போன பையன். நாம் பல்லியைத் தொட்ட வயதைவிட ஒரு வயது சின்னவன்!

இத்தனையும் எழுதியது கைலாசநாதர் கோவிலுக்கு வரத்தான். உன் பாட்டி நம்மை அங்கே கூட்டிக்கொண்டு போகவில்லை. "அங்க பூசை புனஸ்காரம் கம்மி" என்று தள்ளிவிட்டார். அதனால்தான் உனக்கு அது தெரியாது. எனக்கும் இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று.

ஊருக்கு மேற்கே, ஓரமாக இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே போனேன். வாசலில் புல்வெளிக்கு நடுவே தள்ளி ஒரு நந்தி, உள்ளே ராஜசிம்மப் பல்லவன் கட்டிய மணற்கல் கோவில். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கம், தஞ்சாவூர்ப் பெரிய கோவிலுக்கு முந்நூறு வருஷம் மூத்தது. உயரம் ஒன்றும் இல்லை. ஆனால் வெறும் இடம் என்று ஒரு சாண்கூட விடவில்லை, தூணுக்குத் தூண் காலைத் தூக்கி நிற்கிற சிங்கம். மணற்கல் ஆதலால் பல சிங்கங்கள் கரைந்துவிட்டன. பின்னாளில் சுண்ணாம்பு பூசி ஒக்கிட்டதில் சிலதுக்கு மூக்கு உருண்டையாகிப் பூனை மாதிரி ஆகிவிட்டது.

மதிலின் உள்பக்கம் சுற்றிலும் வரிசையாகச் சின்னச் சின்னச் சந்நிதிகள். ஒரு ஆள் சம்மணமிட்டு உட்காரலாம், அவ்வளவுதான். சிலவற்றின் சுவரில் பழைய ஓவியம் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றில் குனிந்து எட்டிப் பார்த்தேன். சிவனும் உமையும் நடுவில் குழந்தையும் என்று சொன்னார்கள். எனக்கு முதலில் ஒன்றுமே தெரியவில்லை, காவி நிறத்தில் ஏதோ கறை. கண் பழகியதும் ஒரு கோடு பிரிந்து வந்தது, அது தோள். அதற்கு மேலே பாதிக் கண். அந்தப் பாதிக் கண்ணைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேனோ, இடுப்பு பிடித்துக்கொண்டது.

மூலவர் பதினாறு பட்டை லிங்கம். அவரைச் சுற்றி வர ஒரு பொந்து வழி இருக்கிறது, தவழ்ந்துதான் நுழைய வேண்டும், சுற்றி வந்துவிட்டால் மறுபிறவி இல்லையாம். நான் தலையையும் தோளையும் விட்டேன், அதற்கு மேல் போகவில்லை. குருக்கள் "பரவாயில்லம்மா, மனசால சுத்துங்க" என்றார். எனவே எனக்குப் பாதிப் பிறவி பாக்கி.

குருக்கள் வேண்டுமென்றுதான் அப்படிச் சொன்னாரோ என்னவோ, எனக்குப் பூசலார் நினைவு வந்துவிட்டது. பெரியபுராணத்தில் வருவாரே, கையில் காசில்லாமல் மனசிலேயே கோவில் கட்டியவர். காடவர்கோன் என்ற பல்லவ ராஜா காஞ்சியில் கற்றளி, அதாவது கல் கோவில், கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறிக்க, சிவன் கனவில் வந்து, அன்றைக்கு நான் திருநின்றவூரில் பூசலார் கட்டிய கோவிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் பார் என்கிறார். அந்தக் காஞ்சிக் கற்றளி இதுதான் என்கிறார்கள். காலேஜுக்குப் போகும்போது எத்தனை நூறு தடவை அந்தத் திருநின்றவூரை ரயிலில் தாண்டியிருப்போம்! ஒரு தடவை இறங்கினோமா? ஜன்னலோர இடம் போய்விடுமே என்ற கவலைதான்.

இனி உனக்காகவே வைத்திருந்த சமாச்சாரம். பேங்கில் உன் வேலையே அடுத்தவர் கணக்கைக் குடைவதுதானே. 642-ல் பல்லவர்கள் சாளுக்கியர் தலைநகரான வாதாபியை அழித்தார்கள், அது நமக்குப் பள்ளிக்கூடப் பாடம். ஒரு நூறு வருஷம் கழித்துச் சாளுக்கியர் முறை. இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு வந்து காஞ்சியைப் பிடித்துவிட்டான். பழி தீர்க்க வந்தவன், ஊரைக் கொளுத்தியிருக்கலாம். அவன் என்ன செய்தான் தெரியுமா? இந்தக் கோவிலின் சொத்தைப் பார்வையிட்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் திரும்பக் கோவிலுக்கே விட்டுவிட்டான். அதைக் கன்னடத்தில் இங்கேயே ஒரு தூணில் வெட்டியும் வைத்தான். முன்மண்டபத்தில் அந்தத் தூணைக் காட்டினார்கள். படிக்கத் தெரியாது, தொட்டுப் பார்த்தேன். ஜெயித்தவன் கணக்கைச் சரிபார்த்து, தொகையைத் தொடாமல், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். உன் ஆடிட்டில் இப்படி ஒரு கேஸ் வந்ததுண்டா? ஊருக்குத் திரும்பிய பிறகு அவன் ராணி லோகமாதேவி கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் கட்டிய கோவிலில் இந்தக் கைலாசநாதர் சாயல் அப்படியே இருக்கிறது. பொன்னை விட்டுவிட்டார்கள், கட்டுகிற வித்தையை எடுத்துப் போய்விட்டார்கள். நல்ல வியாபாரம்தான்.

வெயில் இறங்கி மணற்கல் மஞ்சளாகும் நேரத்தில், உன் நினைப்பில் அந்தச் சின்னச் சந்நிதிகளை எண்ணினேன். முதல் சுற்றில் 56 வந்தது. செருப்பு இல்லாத காலோடு மறுபடி சுற்றினேன், 59. புத்தகத்தில் 58 என்று இருக்கிறது. மூன்றாவது சுற்றில் முப்பது வரை சரியாக வந்தேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து ஒரு சின்னப் பெண் "என்ன பாட்டி தேடுறீங்க?" என்று கேட்டதில் விட்டுப்போயிற்று.

புடவையை வாங்க மார்கழியில் திரும்பப் போக வேண்டும். டாக்டர் அனுமதித்தால் நீயும் வா. இட்லி என் செலவு, தூண் தொட்டு எண்ணுவது உன் வேலை. பதில் போடும்போது முட்டி நூறு சதம் என்றெல்லாம் கதை விடாதே. 96 என்றால் 96 என்று எழுது.

உன்,
வாயாடி