மண்சரிவு: ஞாயிறு காலை வடிகால் சுத்தம்

அனைவருக்கும் வணக்கம். நம் குன்னூர் வளைவில், மேல் சரிவிலிருந்து நேற்று கலங்கல் தண்ணீர் கசிந்தது. தடுப்புச்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். சாலைக்காக மலையைச் செங்குத்தாக வெட்டிய இடம் அது. வடிகால் அடைத்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், மண் கனத்துச் சரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் ஆம்புலன்ஸ்கூட கோத்தகிரி சுற்றித்தான் போக வேண்டும்.

1. அக்டோபர் 12 ஞாயிறு, காலை 7 மணி: வளைவுக்குக் கீழே உள்ள வடிகாலைத் தூர்வாருவோம். மண்வெட்டி கொண்டு வாருங்கள். சுவர் பக்கம் யாரும் போக வேண்டாம். மழை பெய்தால் வேலை கிடையாது.
2. அங்கே வண்டி நிறுத்தாதீர்கள்.
3. மரம் சாய்ந்தாலோ கல் உருண்டாலோ முதலில் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கு, அப்புறம் குழுவில் சொல்லுங்கள்.

வருபவர்கள் சனி இரவு 8 மணிக்குள் பதில் போடுங்கள்.