முதல்வரால் முடியாத நாளில் யார் கையெழுத்துப் போடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுத்த முதல்வர் யார் என்று விடிய விடிய விவாதிக்கிறோம். இருக்கிற முதல்வர் திடீரென்று நினைவிழந்துவிட்டால் அன்று ராத்திரி அவசரக் கோப்பில் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டால் மட்டும், அபசகுனமாகப் பேசாதே என்கிறார்கள்.

எங்கள் காட்பாடிப் பக்கம் கிராம ஊராட்சித் தலைவர் பதவி காலியானால் துணைத் தலைவர் கவனிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. குடியரசுத் தலைவருக்கும் அப்படித்தான். 1961இல் ராஜேந்திர பிரசாத் நோயுற்றபோது, வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்த நம் ராதாகிருஷ்ணன்தான் துணைத் தலைவராக இருந்து அந்தப் பணிகளைப் பார்த்தார். ஆனால் உண்மையான அதிகாரம் இருக்கிற பிரதமருக்கும் முதல்வருக்கும் இப்படி ஒரு வரிகூட அரசமைப்பில் கிடையாது, துணை முதல்வர் என்ற பதவியே அதில் இல்லை. அண்ணா மறைந்தபோதும் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வரானார், சரி, அது மரபு. மறைவுக்காவது மரபு இருக்கிறது, முதல்வர் உயிரோடு படுக்கையில் இருந்தால்?

2016 செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்; அவருடைய துறைகள் ஓ.பன்னீர்செல்வத்திடம் போனது அக்டோபர் 11இல்தான். அப்போது நமக்கு முழுநேர ஆளுநர்கூட இல்லை, மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவ் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் ஒரு வதந்தி கிளம்பினாலே இங்கே கடைகளில் ஷட்டர் இறங்கும், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஓடுவோம். டிசம்பர் 12இல் அடித்த வர்தா புயல் அக்டோபர் முதல் வாரத்திலேயே வந்திருந்தால் யார் உத்தரவு போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் கவலையாக இருக்கிறது.

அமெரிக்காவில் 2021 நவம்பரில் பைடன் குடல் பரிசோதனைக்காக மயக்க மருந்து எடுத்துக்கொள்ளும் முன் ஒரு கடிதம் எழுதினார், 85 நிமிடம் அதிபரின் அதிகாரம் கமலா ஹாரிஸிடம் இருந்தது, அப்புறம் இன்னொரு கடிதத்தில் அது திரும்பி வந்தது. 1967இல் அந்த நாட்டு அரசமைப்பில் சேர்த்த 25ஆவது திருத்தம் கொடுத்த வழி அது.

இரண்டாவது ஆள் யார் என்று எழுதி வைத்தால் அவர் போட்டியாளராகிவிடுவார் என்ற பயம் எல்லாக் கட்சியிலும் இருக்கிறது, இந்தப் பேச்சு நகராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் பேர் சொல்ல வேண்டாம், அமைச்சரவை வரிசைப்படி அடுத்தவர் என்று இருக்கட்டும். அவர் பொறுப்பு இரண்டு வாரத்துக்கு மட்டும், அதற்குள் எம்.எல்.ஏ.க்கள் கூடி முடிவெடுக்கட்டும். முதல்வரால் இயலவில்லை என்பதை மருத்துவர் குழுவின் அறிக்கையை வைத்து அமைச்சரவை அறிவிக்க வேண்டும், மருத்துவமனை வாசலில் நிற்கும் கட்சிக்காரர்கள் அல்ல. 2016இல் துறைகளை மாற்றியது, அரசு அலுவல்களை அமைச்சர்களுக்குப் பங்கிட விதி வகுக்க ஆளுநருக்கு அதிகாரம் தரும் அரசமைப்பின் 166(3) பிரிவின்கீழ்தான், ஆகவே அதே பிரிவின்கீழ் வரும் அரசு அலுவல் விதிகளிலேயே இதைச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் பேசி அடுத்த சட்டமன்றக் கூட்டத்திலேயே இதைக் கொண்டுவர வேண்டும், முதல்வர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.