கொசுறுக் குருவி

அன்பான சபையாருக்கும், எனக்காக முழங்காலில் நின்றும் இன்றுவரை யாரென்று எனக்குத் தெரியாதவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு சாட்சி சொல்ல எழுந்தேன். இரண்டு வாக்கியம் வந்தது, அப்புறம் அழுகைதான் வந்தது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வருடம் வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் காலை பத்து நிமிடப் பேச்சில் எல்லாம் முடிந்துபோனது. அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அன்று முழுக்கக் கை தானாகக் கழுத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது, அந்த நாடாவைத் தேடி. வேலை போன துக்கம் ஒருபக்கம். அந்த அட்டை இல்லாவிட்டால் நான் யார் என்பதற்கு என்னிடம் பதிலே இல்லை என்பதுதான் என்னை உடைத்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நன்றாகப் படிக்கிற அக்கா, செல்லத் தம்பி, நடுவில் நான். மதிப்பெண் வாங்கிய நாளில் மட்டும்தான் நான் கண்ணில் படுவேன். வளர்ந்த பிறகு மதிப்பெண் இருந்த இடத்தில் சம்பளம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"இப்ப என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே பதினொரு மாதம் ஆராதனைக்கு வரவில்லை. உனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் இப்படி என்று ஒருவர் போனில் சொன்னார். அது ரொம்ப நாள் உள்ளே கிடந்து அறுத்தது.

பாடகர் குழு அக்கா, அந்த மாதங்களில் சனிக்கிழமை தவறாமல் நீங்கள் ஒரே ஒரு வரி அனுப்பினீர்கள்: "இன்றைக்கு உன் பெயரைச் சொல்லி ஜெபித்தேன்." நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஏன் பதில் இல்லை என்று நீங்களும் கேட்கவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 47. "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்ற ஏசாயா 43 வசனத்தை நான் மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தவள். தேசத்தையும் ஆலயத்தையும் இழந்து, இனி நாம் யார் என்று கலங்கி நின்ற ஜனத்துக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது என்பது உங்கள் செய்திகளை வாசித்த ராத்திரிகளில்தான் உறைத்தது.

பாஸ்டர், தூங்காமல் கிடந்த என்னை டாக்டரிடம் போகச் சொன்னதற்கு நன்றி. சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும்தான், பேச்செல்லாம் அதற்கப்புறம்தான் என்று சொன்னீர்கள். மருந்து சாப்பிடுவதில் எனக்கு இருந்த குற்ற உணர்ச்சி அன்றோடு போயிற்று.

திரும்பி வந்த பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வந்த முதல் வாரத்திலிருந்தே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஞாயிறு பள்ளி, நாற்காலி அடுக்குவது, பெருக்குவது, எதையும் விடவில்லை. ஊழியம் என்றுதான் நானே நினைத்தேன். சபையில் எனக்கிருந்த இடத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தேன் என்பதை பாஸ்டரம்மாதான் கண்டுபிடித்தார்கள். ஒரு ஞாயிறு கடைசி ஆள் போன பிறகு, என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "இந்த மாதம் நீ ஒன்றும் செய்யாதே. வா, உட்காரு, போ. அவ்வளவுதான்" என்றார்கள். எனக்குக் கோபமே வந்தது. வேலையும் இல்லை என்றால் நான் எதற்கு வருவது?

அதைக் கேட்டும்விட்டேன். அவர்கள் வேதத்தைத் திறந்து இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடத்தை வாசிக்கச் சொன்னார்கள். "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்." இந்தச் சத்தம் வரும்போது அவர் எத்தனை அற்புதம் செய்திருந்தார் என்று கேட்டார்கள். ஒன்றுகூட இல்லை. மலைப் பிரசங்கம் இல்லை, குஷ்டரோகி சுகமாகவில்லை, ஒரு சீஷன்கூடச் சேரவில்லை. பிதாவின் பிரியம் அதற்கெல்லாம் முன்னாலேயே வந்துவிட்டது. அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் வந்து எடுத்த எடுப்பிலேயே கை வைத்ததும் அந்த வார்த்தையில்தான்: "நீர் தேவனுடைய குமாரனேயானால்." செய்து காட்டு, அப்போது நம்புகிறேன் என்று. அம்மா, என் வாழ்க்கை முழுக்க என் காதில் விழுந்துகொண்டிருந்த குரல் எது என்று எனக்கு அன்றைக்குத்தான் அடையாளம் தெரிந்தது.

அந்த மாதம் நான் ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்திருந்தேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. புதன்கிழமை வேதபாடத்தில் நீங்கள் வாத்தியார் குரலில் ஒரு கணக்குப் போட்டீர்கள். மத்தேயு சுவிசேஷத்தில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. அப்படியானால் இரண்டு காசுக்கு எத்தனை? நாலு என்றோம். லூக்காவில் ஐந்து என்று எழுதியிருக்கிறதே, பாருங்கள் என்றீர்கள். காணிக்கைக் கவரின் பின்பக்கத்தில் பென்சிலால் 4 + 1 என்று எழுதி, அந்த ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டு என்னிடம் நீட்டினீர்கள். "அஞ்சாவது குருவி கொசுறும்மா. அதுக்குன்னு விலையே கிடையாது. அதையும் சேர்த்துத்தான் 'ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை'ன்னு இயேசு சொல்றார்." நான் என்னைப் பற்றி ஒருநாளும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது, கொசுறு. உங்களுக்கு எப்படித் தெரிந்தது, ஐயா?

இப்போது ஒரு சின்ன வேலை இருக்கிறது. முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளம். என்ன பண்றீங்க என்று கேட்டால் இன்னும் சில நாள் நெஞ்சு ஒருமுறை இறுகும். ஆனால் பதில் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறேன், ஓடுவதில்லை. இந்த மாதத்திலிருந்து மறுபடி ஞாயிறு பள்ளிக்கும் போகிறேன், பிள்ளைகளைப் பிடித்திருப்பதால்.

ஐயாவுக்கு இப்போது எழுத்து சரியாகத் தெரிவதில்லை என்று கேள்விப்பட்டேன். வீட்டில் யாராவது இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அந்தக் கவர் என் வேதாகமத்தில் லூக்கா 12-ல் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். வருகிற ஞாயிறு அவர் பக்கத்து நாற்காலியை எனக்காக வைத்திருக்கச் சொல்லுங்கள். வசனத்தை நான் வாசிக்கிறேன்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி